எங்கள் தெருவுக்கு ஒரு திறந்த மடல்

டீக்கடை அண்ணாச்சிக்கு, தள்ளுவண்டியில் பழம் விற்கும் அக்காவுக்கு, ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகளுக்கு, மருந்துக்கடைக்காரருக்கு, பிள்ளையார் கோவில் திண்ணையில் சாயங்காலம் கூடும் பெரியவர்களுக்கு, டியூஷன் முடிந்து சைக்கிளில் கூட்டமாகப் போகும் பிள்ளைகளுக்கு,

நான் நாலாவது வீட்டு டீச்சர்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் தள்ளுவண்டியிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து, அங்கேயே உரித்துத் தின்று, தோலை வண்டியிலேயே வைத்துவிட்டு நடந்தார். காசு கேட்ட அக்காவைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஒரு தம்பி அவர் சட்டையைப் பிடித்தான். நான் ஓடி வருவதற்குள் உங்களில் யாரோ விலக்கிவிட்டீர்கள். விலக்கியவருக்கு நன்றி. சட்டையைப் பிடித்த தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு விஷயம் தெரியாது. தெரியாதபடி வைத்தது நான்தான். மூன்று வருஷமாக யார் கேட்டாலும் “அவுகளுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். இனிச் சாத்த மாட்டேன்.

அவருக்கு வந்திருப்பது மூளையின் முன்பகுதி சுருங்கிப்போகும் நோய். டாக்டர்கள் ஃப்ரான்டோடெம்பரல் டிமென்ஷியா என்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மடலும், கன்னப்பொறிக்கு உள்ளே இருக்கிற மடலின் முன்முனையும் முதலில் தேய்கின்றன. கடிதத்துக்கும் மடல் என்று பெயர், மூளையின் பகுதிக்கும் மடல் என்று பெயர். இதை எழுத உட்கார்ந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

முப்பது வருஷம் உயிரியல் நடத்தினேன். பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று பலகையில் எத்தனை தடவை படம் போட்டிருப்பேன்! பார்வைக்குப் பின்மடல், கேட்பதற்குக் கன்னப்பொறி மடல் என்று அம்புக்குறி போட்டு எழுதுவேன். நெற்றிமடலுக்கு வந்ததும் “சிந்தித்தல், தீர்மானித்தல்” என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த இரண்டு வார்த்தைக்குள் என்னவெல்லாம் இருந்தது என்பதை ஒவ்வொன்றாகத் தொலைத்துத்தான் தெரிந்துகொண்டேன். துஷ்டி வீட்டில் குரலைத் தாழ்த்துவது, பசித்தாலும் பந்தியில் காத்திருப்பது, மனைவி முகம் வாடினால் “என்னாச்சு?” என்று கேட்பது எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

அவரை உங்களில் பலருக்குத் தெரியும். கூட்டுறவு வங்கியில் கணக்கர். 31 வருஷம். அண்ணாச்சி கடையில் சில்லறை இல்லாத அன்று டீ குடிக்காமல் திரும்பி வருவாரே தவிரக் கடன் சொல்ல மாட்டார். தெருக் குழாய்த் தகராறில் இரண்டு பக்கமும் அவரைத்தான் நியாயம் கேட்கும். சர்க்கரை நோய் வந்த பிறகு தீபாவளிக்குக்கூட ஒரு விள்ளல் அல்வா தொட்டதில்லை. அல்வாவுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அப்படி இருப்பது சின்ன விஷயம் இல்லை.

முதல் அடி எனக்குத்தான் விழுந்தது. என் அம்மா இறந்த அன்று, எடுப்பதற்கு முன்பே, கூடத்தில் எல்லார் முன்னாலும் அவர் கேட்டார்: “சாப்பாடு எப்பம் போடுவாங்க?” பிறகு உள்ளே போய் டிவியில் கிரிக்கெட் போட்டார். என் அண்ணன் எட்டு மாதம் எங்களோடு பேசவில்லை. நானும் உள்ளுக்குள் அவரை வெறுத்தேன். முப்பது வருஷம் பாசமாக இருந்ததெல்லாம் நடிப்பா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவருக்குப் புரியாது என்று தெரிந்தும்.

அடுத்தடுத்து வந்தவற்றை நீங்களே பார்த்தீர்கள். குண்டாக இருப்பவரை நேருக்கு நேர் “என்ன இப்படி ஊதிட்டீக?” என்று கேட்டார். அல்வாவைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வந்து ஒளித்துவைத்துத் தின்றார். ஒரே சட்டையை ஐந்து நாள் போட்டார். முகம் தெரியாத யாரோ போனில் கேட்டதும் ஓடிபி எண்ணைச் சொல்லிவிட்டார், அதுவும் கணக்கர் வேலை பார்த்தவர். தெருவில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. “சார்வாளுக்குத் திமிரு வந்துட்டு.” “குடிக்கிறாரோ?” “இத்தனை நாள் உள்ள இருந்த குணம் இப்பம் வெளிய வருது.”

கடைசியாகச் சொன்னது என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அது தப்பு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். உள்ளே இருந்தது வெளியே வரவில்லை. வெளியே இத்தனை நாள் நாம் பார்த்த மனிதரை உள்ளிருந்து தாங்கிய இடம்தான் கரைகிறது.

டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனோம். ஒரு மருத்துவமனையில் இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை, முதலமைச்சர் யார் என்று கேட்டார்கள். எல்லாம் சரியாகச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 93, 86, 79, 72, 65 என்று கணக்கர் மடமடவென்று கழித்தார். ஞாபகம் நன்றாக இருக்கிறது, மன அழுத்தம்தான் என்று மாத்திரை எழுதினார்கள். அதிலேயே இரண்டு வருஷம் போனது. இந்த நோய் பெரும்பாலும் 45 வயதிலிருந்து 65 வயதுக்குள் தலைகாட்டுகிறது. தொடக்கத்தில் ஞாபகத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. மறதி இருந்தால்தான் மூளை நோய் என்று நாம் நினைக்கிறோம். அதனால் பலரை இது திமிர், குடி, குடும்பச் சண்டை, மனநோய் என்று எங்கெங்கோ அலைய வைத்துவிடுகிறது.

பிறகு ஒரு நரம்பியல் டாக்டர் வேறு விதமாகக் கேட்டார். ‘க’-வில் தொடங்கும் வார்த்தைகளை ஒரு நிமிஷத்தில் எத்தனை முடியுமோ அத்தனை சொல்லுங்கள் என்றார். கணக்கு, காசு, கடை என்று தொடங்கி ஐந்தாவது வார்த்தையில் நின்றுவிட்டார். ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். “யானை விழுந்தா அடிபடும்” என்றார் என் வீட்டுக்காரர். அந்த அறையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழமொழி சொல்லாமல் ஒரு பேச்சு முடிக்காத மனிதர் அவர்.

ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார்கள். தேங்காய் காய்ந்து கொப்பரையாகும்போது பருப்பு ஓட்டை விட்டுக் கழன்று நிற்குமே, நெற்றிப் பக்கம் அப்படி இருந்தது. பின்பக்கம் ஓட்டோடு ஒட்டி முழுசாக இருந்தது.

பிராகா நகரத்தில் ஆர்னால்ட் பிக் என்ற டாக்டர் மூளையின் ஒரு பகுதி மட்டும் இப்படிச் சுருங்குவதை 1892-லேயே எழுதியிருக்கிறார். பெரும்பாலும் டாவ், டிடிபி-43 என்ற புரதங்களில் ஏதாவது ஒன்று உருக்குலைந்து நரம்பணுக்களுக்குள் சேர்கிறது, அணுக்கள் மடிகின்றன. அதில் ஒரு வகை அணுவைப் பற்றிப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வியன்னாவின் வான் எகானமோ 1920-களில் விவரித்த, கதிர் போல நீண்ட அணுக்கள் அவை. நெற்றிமடலின் உட்புறத்திலும், அதையொட்டிய மடிப்பு ஒன்றிலும் இருக்கின்றன. நம் உடம்பு உணர்வதையும் அடுத்தவர் உணர்வதையும் கண்டுகொள்ளும் வலைப்பின்னல் ஓடும் இடம் அது. மனிதக் குரங்குகளுக்கும் திமிங்கலங்களுக்கும் யானைகளுக்கும் அவை உண்டு. இந்த நோய் அந்த அணுக்களைத்தான் தேடிப்போய் முதலில் அழிப்பதாக 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். என் அம்மாவின் பிணத்துக்கு முன்னால் அவர் சாப்பாடு கேட்டதற்கு அன்றைக்குத்தான் எனக்கு விடை கிடைத்தது.

இன்னொன்றும் நடந்தது, அது உங்களுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் இயர்போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிடித்து உட்கார வைத்துப் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் போனபோது ஒரு போலீஸ்காரர் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். “திருடுறது தப்புன்னு தெரியுமாய்யா?” “தெரியும்” என்றார் இவர். “தெரிஞ்சும் ஏன் எடுத்தீரு?” “நல்லா இருந்துச்சு.”

அந்தப் பதிலில்தான் முழு நோயும் இருக்கிறது. தப்பு என்று சொல்லும் அறிவு ஓரிடத்தில் இருக்கிறது, நீளும் கையைப் பிடித்து நிறுத்தும் விசை வேறு இடத்தில் இருக்கிறது. முதலாவது மிஞ்சியிருக்க இரண்டாவது மட்டும் போகலாம். அமெரிக்காவில் அயோவாவில் ஒரு கணக்கரின் கதையை 1985-இல் இரண்டு டாக்டர்கள் எழுதினார்கள். நெற்றிக்கடியில் வளர்ந்த கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 35. பிறகும் அறிவுத் தேர்வுகளில் சராசரிக்கு மேல் மதிப்பெண் வாங்கினார். எது சரி, எது தப்பு என்று கேட்டால் தெளிவாகச் சொன்னார். ஆனால் வேலை போனது, சேமிப்பு போனது, குடும்பம் போனது. எங்கே சாப்பிடப் போகலாம் என்று முடிவெடுக்கவே மணிக்கணக்காகும்.

நம் சட்டம் அந்தப் போலீஸ்காரர் கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறது. 1843-இல் லண்டனில் பிரதமரின் செயலாளரைச் சுட்டுக்கொன்ற மக்நாட்டன் என்பவரின் வழக்கிலிருந்து வந்தது அது. 1860-இன் தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவாக இருந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆம் பிரிவு. புத்தி பேதலித்த நிலையில், செய்வது இன்னது என்றோ அது தப்பு என்றோ அறிய முடியாதவருக்குக் குற்றம் இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் தடுத்துக்கொள்ள முடியவில்லை. அவருக்கு அந்தச் சட்டத்தில் இடம் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. டாக்டர் சீட்டைக் காட்டியதும் அந்தப் போலீஸ்காரர் அனுப்பிவிட்டார். நல்ல மனிதர். எல்லா நாளும் நல்ல மனிதராகவே அமையும் என்று நான் நம்பியிருக்க முடியாது.

கோவிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னீர்கள், போனேன். தாயத்துக் கட்டச் சொன்னீர்கள், கட்டினேன், இன்னும் அவர் கையில் இருக்கிறது. சாமி கும்பிடுவதை யாரும் விட வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் “வெளிய விடாதீக, ஒரு கயித்துல கட்டிப் போடுங்க” என்றார். அவர் மனசில் வன்மம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி கூடவே கூடாது. என் வீட்டில் கயிறும் கிடையாது, சங்கிலியும் கிடையாது.

கட்டிப்போடாமல் எப்படிக் காப்பது? அதற்குத்தான் உங்களிடம் வருகிறேன்.

மூளைப் புத்தகம் எதை எடுத்தாலும் ஃபினியஸ் கேஜ் என்ற பெயர் வரும். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில்பாதைக்குப் பாறை உடைத்த மேஸ்திரி. 1848 செப்டம்பர் 13 அன்று வெடிமருந்து முந்திக்கொண்டு வெடித்ததில், மூன்றரை அடிக்கும் மேல் நீளமான, ஆறு கிலோ இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தின் வழியே நுழைந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் சாகவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து பேசினார். ஆனால் பொறுப்பும் பொறுமையுமாக இருந்தவர் பழைய மனிதராக இல்லை, வாயில் கெட்ட வார்த்தை வந்தது, எந்தத் திட்டத்திலும் நிலைக்கவில்லை என்று வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ 1868-இல் எழுதினார். எல்லாரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதன் பிந்திய பாதிதான் முக்கியம். கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய் ஏறக்குறைய ஏழு வருஷம் குதிரை பூட்டிய பயணவண்டி ஓட்டினார். குறித்த நேரம், குறித்த பாதை, தினமும் அதே வேலை. உள்ளே போன ஒழுங்கை வெளியே இருந்த ஒழுங்கு தாங்கியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

கேஜுக்கு இருந்தது காயம், அது ஆறியது. என் வீட்டுக்காரருக்கு இருப்பது நாளுக்கு நாள் ஏறும் நோய். அந்த வித்தியாசத்தை நான் மறக்கவில்லை. இதை நிறுத்த இன்றைக்கு மருந்து இல்லை. மறதி நோய்க்குத் தரும் மாத்திரை இதற்குப் பலன் தருவதில்லை. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் ஓரளவு படபடப்பைத் தணிக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் வீட்டில் நான் கண்ணால் பார்த்தது இது. அதே நேரம், அதே பாதை, அதே முகம் என்று போகும் நாளில் அவர் பாதி மனிதராகத் திரும்பி வருகிறார். ஏதாவது ஒன்று மாறினால் அன்றைக்கு முழுக்கத் தவிப்பு.

அவர் காலையில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவார். டீக்கடை, பிள்ளையார் கோவில், பழவண்டி, ஆட்டோ ஸ்டாண்டு முனை, திரும்பி வீடு. நாற்பது நிமிஷம். இந்த நாற்பது நிமிஷத்துக்கு அவருடைய நெற்றிமடல் நீங்கள்தான். அவருக்குள் அறுந்துபோன பிரேக்கை இந்தத் தெரு பிடித்துக்கொள்ள வேண்டும். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் எதையாவது எடுத்தால் கையில் இருந்து பிடுங்காதீர்கள். பிடுங்கினால் முரண்டு பிடிப்பார். பற்று நோட்டில் எழுதிவையுங்கள், ஒவ்வொரு வாரமும் நான் வந்து கொடுத்துவிடுகிறேன். பழம் எடுக்கிற கையில் வேறு எதையாவது கொடுத்துக் “சார், இதைக் கொஞ்சம் பிடிங்க” என்றால் அந்தப் பக்கம் கவனம் போய்விடும், பழம் மறந்துவிடும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று காரணம் கேட்டுப் பயனில்லை. புத்தி சொன்னாலும் தலையாட்டுவார், அடுத்த நிமிஷம் அதையே செய்வார். கடன் கேட்டால் கொடுக்காதீர்கள். அவரிடம் எதிலும் கையெழுத்து வாங்காதீர்கள். ஸ்கூட்டர் சாவியை நான் வாங்கி வைத்துவிட்டேன், “ஒரு ரவுண்டு ஓட்டிட்டுத் தாரேன்” என்று ஆட்டோத் தம்பிகளிடம் கேட்பார், இல்லை என்று சொல்லுங்கள். பெண்பிள்ளைகள் யாரையாவது அவர் தொடும்படிப் பக்கத்தில் நின்றால், தயங்காமல் கையைத் தட்டிவிட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்கள். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நோய் என்பதற்காக அடுத்த வீட்டுப் பிள்ளை பயந்துகொண்டு நடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அன்றைய தினத்திலிருந்து நான் கூடவே நடப்பேன்.

சைக்கிள் பிள்ளைகளே, நீங்கள் அவரைப் போல நடந்து காட்டிச் சிரித்ததைப் பார்த்தேன். உங்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். நெற்றிமடல்தான் மூளையில் கடைசியாக முதிர்வது. 25 வயது வாக்கில்தான் முழுசாகக் கூடிவரும். உங்களுக்கு வந்துகொண்டிருப்பது அவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பரீட்சைக்கு வராத பாடம் இது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மகன் ஒருநாள் ராத்திரி கேட்டான், “அம்மா, எனக்கும் வருமா?” சில குடும்பங்களில் மரபணு வழியாக வருகிறது, பல பேருக்கு அப்படி இல்லை. எங்கள் குடும்பத்தில் முன்னால் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அவ்வளவுதான் அவனிடம் சொல்ல முடிந்தது. அவன்தான் எனக்கு நடிகர் புரூஸ் வில்லிஸின் செய்தியைக் காட்டினான். 2023 பிப்ரவரியில் அவருடைய குடும்பத்தார் இதே நோயின் பெயரைச் சொல்லி உலகத்துக்கு அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய நடிகரின் வீட்டிலேயே சொல்ல முடிந்தால், நாலாவது வீட்டில் எதற்கு ஒளிக்க வேண்டும்?

உங்கள் வீட்டிலும் ஐம்பது வயதுக்கு மேல் ஒருவருடைய குணம் சட்டென்று வேறாகிப் போனால், சண்டை போடுவதற்கு முன் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாமே இந்த நோயாக இருக்காது. தைராய்டு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும், கீழே விழுந்த பிறகு மண்டைக்குள் ரத்தம் தேங்கினாலும், கட்டி வந்தாலும், மூளையில் தொற்று வந்தாலும் குணம் மாறும். அவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். நாங்கள் இழந்த இரண்டு வருஷம் வேறொரு வீட்டுக்கு உயிராகவே இருக்கலாம்.

இன்னும் ஒன்று. குணம் எல்லாம் மூளைச் சதைதான் என்றால், அவருடைய நாணயமும் வெறும் சதைதானா என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தச் சதை பணத்தைக் கையாண்ட எல்லாருக்கும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு 31 வருஷம் ஒரு ரூபாய் பிசகாமல் கணக்குக் கொடுத்தவர் அவர். அது நடந்து முடிந்துவிட்டது, எந்த நோயாலும் அதைத் திரும்பப் போய் அழிக்க முடியாது. பழம் எடுத்த மனிதரைப் பார்க்கும்போது, குழாய்த் தகராறைத் தீர்த்த அந்த மனிதரையும் சேர்த்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமைப் பழத்துக்கு 14 ரூபாய், அக்காவிடம் கொடுத்துவிட்டேன். நாளைக்குக் காலையில் அவர் வருவார். அண்ணாச்சி, டீயில் சீனி அரைக் கரண்டி போதும். இரண்டாவது டீ கேட்பார். பாதி டம்ளர் ஊற்றிக் கொடுங்கள், முழு டம்ளர் என்று நினைத்துக் குடித்துவிடுவார்.

இப்படிக்கு,
நாலாவது வீட்டு டீச்சர்